அரிசியில் விழுந்த பேர்

1

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் ஒரு தகர டின் உட்கார்ந்திருக்கிறது. பீர்மேட்டுத் தேயிலை ஃபாக்டரியில் தூள் போட்டு வைக்கிற டின். ஆறு படி அரிசி தாராளமாகப் பிடிக்கும். நான் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பும்போது என் அக்கா ராணி அதில் ஒரு பிடி அரிசியைப் போட்டு மூடி, என் பெட்டிக்குள் திணித்தாள். இடம் போதவில்லை என்று என்னுடைய நல்ல கம்பளிச் சட்டை ஒன்றை வெளியே எடுத்து வீசிவிட்டுத்தான் திணித்தாள்.

கொச்சி விமான நிலையத்தில் அந்த அதிகாரி எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். பெட்டியில் உள்ளதெல்லாம் உங்களுடையதுதானா, வேறு யாருடையதாவது இருக்கிறதா என்று. பொய் சொல்லாதே என்று அடித்து வளர்த்த பிள்ளை நான். ஒரு டின் இருக்கிறது, அது கர்த்தருடையது என்றேன். அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தார்கள், டின்னைத் திறந்தார்கள், அந்த ஒரு பிடி அரிசியை வெள்ளைத் தட்டில் கொட்டி இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து மோந்து பார்த்தார். என் கணவர் சாமுவேல் பக்கத்தில் நின்று, தன் கொல்லங்கோட்டு மலையாளத்தில் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பாலக்காட்டுக் கிழக்குக்காரர். யார் காலை யார் மிதித்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்பவர் அவர்தான்.

பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் பிறந்தவர்களுக்குப் பிடியரிசியைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலை கொதித்ததும் அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடியை எடுத்துத் தனியே டின்னில் போட வேண்டும். அது கோயிலுக்கு. (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகை அன்று எல்லா வீட்டு டின்னும் ஆல்டர் என்கிற பீடத்தின் முன்னால் கொட்டப்படும், அது இல்லாதவர்களுக்குப் போகும். எங்கள் எஸ்டேட்டில் இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. பிடியைப் போடும்போது ஒரு பேரைச் சொல்ல வேண்டும். யார் கோயிலுக்கு வராமல் நின்றுவிட்டார்களோ அவர்கள் பேரை. ஆண்டவரே, இந்த ஆளைத் திருப்பிக் கொண்டு வாரும் என்று அர்த்தம்.

லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான். எங்கள் அம்மா உலை வைத்து "ஞானமுத்து" என்று சொன்னால் அந்தப் பக்கம் ஞானமுத்து மாமாவின் வீட்டில் கேட்கும். அவர் ஞாயிற்றுக்கிழமை சீட்டாடப் போனவர். "அவன் பேரு அரிசியில விழுந்துட்டு" என்று சொன்னால் எங்கள் ஊரில் அதற்குமேல் ஓர் அவமானம் கிடையாது. மாமா இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். அப்புறம் ஒருநாள் தலையில் எண்ணெய் தேய்த்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

2

விலகிப்போவது என்றால் ஏதோ ஒருநாள் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறுவது என்றுதான் நினைத்திருந்தேன். கோபத்தோடு போகிறவர்கள் பரவாயில்லை, அவர்களுக்குத் தாங்கள் போனது தெரியும். என்னைப்போல் வேலைக்கு அவசரமாக ஓடுகிறவர்களுக்குத் தெரியாது.

நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். ஒரு ஞாயிறு யாருக்கோ பதிலாக நின்றேன். அது நல்ல காரியம்தானே. அடுத்த மாதம் இரண்டு ஞாயிறு. பிறகு டியூட்டி அட்டவணையில் ஞாயிறு என்றாலே என் பேர் தானாக விழ ஆரம்பித்தது, நானும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் எஸ்டேட் கோயில் ஆராதனைதான் இப்போது போனில் வருகிறதே, அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். முதலில் முழுசாகப் பார்த்தேன். பிறகு டீ இடைவேளையில் அடக்க வேண்டியிருந்ததால் வேகத்தைக் கூட்டி வைத்தேன். ஒன்றரை மணி நேர ஆராதனை அரைமணிக்குள் முடிந்துவிடும். எங்கள் ஐயர் (பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) சாந்தமானவர், அந்த வேகத்தில் அவர் ஆசீர்வாதம் சொல்லும்போது கூடையில் அகப்பட்ட அணிலின் குரல் வரும். நான் அதற்கும் தலை குனிந்து ஆமென் சொன்னேன்.

முடித்ததும் அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்புவேன். "இன்னைக்கு ஐயர் பிரசங்கம் நல்லாருந்துச்சு அக்கா." வேலை மும்முரமாக இருக்கும் நாட்களில் மறந்துபோகுமே என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அனுப்பி வைப்பதும் உண்டு.

இந்த லட்சணத்தில், சாமுவேலைத்தான் நான் பின்வாங்கிப் போனவர் என்று ஏசிக்கொண்டிருந்தேன். வாரநாளில் அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். ஞாயிறு காலை மகள் பெனிட்டாவை இங்கத்துக் கோயிலில் இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து கொல்லங்கோட்டில் மழை பெய்ததா, மலம்புழை அணை திறந்ததா என்று செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே போனால் என்ன என்று கேட்டால், "பார்க்கிங் கெடைக்கிறதில்லீங்க" என்பார். காரில்தானே உட்கார்ந்திருக்கிறார், அது எங்கே நிற்கிறது என்று நான் கேட்டேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் சாதாரணமாக அவர் "ங்க" போட மாட்டார், "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். "ங்க" வந்தால் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறார் என்று பொருள்.

3

போன கோடை விடுமுறை முடிந்த சமயம் பெனிட்டா சொன்னாள், இனிமேல் தான் கோயிலுக்குப் போகப்போவதில்லை என்று. அவளுக்குப் பதினாறு வயது. கத்தவில்லை, அழவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நீ வர்றதில்ல. அப்பா கார்ல இருக்காரு. உள்ள நான் மட்டும் எழுபது வயசுக்காரங்ககூட நின்னு பாடிட்டு இருக்கேன். எதுக்கும்மா?"

"நான் வேலைக்குப் போனாலும் மனசு கோயில்லதான்ட்டி இருக்கு."

"சரி. அப்ப நானும் மனச மட்டும் அனுப்பிடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். என் முதியோர் இல்லத்தில் படுத்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் இதையே சொல்லி அழுகிறார்கள். பிள்ளைகள் நல்லவர்கள்தான், பூ வாங்கி வருகிறார்கள், ஆனால் கோயிலை விட்டுப் போனவர்கள் போனவர்கள்தான், ஒருவரும் திரும்பவில்லை. என் பிள்ளையும் அந்த வரிசையில் போய்விடுவாள் என்று தோன்றியது.

"இந்த வீட்டுல விசுவாசம் இல்லங்கியா? அந்த டின்னப் பாரு" என்று ஃபிரிட்ஜின் மேலே கையைக் காட்டினேன். "வருசம் பூரா ஒவ்வொரு பிடியா போட்டது. அறுப்புப் பண்டிகைக்கு அத ஆல்டர் முன்னால கொட்டப்போறேன். நீ வந்து பாரு. டின்னு நெறைய இருந்தா நீ எப்பவும்போல கோயிலுக்கு வரணும். இல்லேன்னா ஒன்ன நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

அவள் டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உறுதியாவா?" என்றாள். "உறுதியாத்தான்" என்றேன். அப்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

போதாததற்கு நான் மார்கரெட்டிடமும் அளந்துவிட்டிருந்தேன். மார்கரெட் இங்கத்துக் கோயிலின் ஐயர். பெண் ஐயர் என்பதை ராணி அக்காவுக்கு விளக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. எங்கள் ஊரில் ஐயரம்மா என்றால் ஐயரின் மனைவி. "அப்ப அவுக வீட்டுக்காரரு யாரு, என்ன செய்யுதாரு?" என்று அக்கா கேட்டாள். தேனீ வளர்க்கிறார் என்றேன். அக்கா அவருக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாள். இந்த மார்கரெட் வியாழன்தோறும் எங்கள் இல்லத்துக்கு நற்கருணை அப்பம் கொடுக்க வருவார். அவரிடம் பிடியரிசியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பண்டிகை அன்று அந்த டின்னை நீங்களே கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

4

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பெனிட்டா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். டின்னைத் துடைத்து வைக்கலாம் என்று இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். ஆறு படி அரிசியை எதிர்பார்த்துத் தூக்கினதால் டின் என் நெற்றியில் வந்து இடித்தது. அவ்வளவு லேசு.

அடுப்பில் சாமுவேல் வைத்த மட்டை அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பாலக்காட்டுச் சிவப்பு மட்டைதான், சாமுவேல் வேறு அரிசியைச் சோறு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். பெனிட்டாவுக்கு மட்டை பிடிக்காது, தன் பாஸ்மதியைத் தானே ஒரு சின்னப் பாத்திரத்தில் வைத்துக்கொள்வாள்.

"என்னங்க, டின்னுல இருந்த அரிசி எங்க?"

அவர் அடுப்பைப் பார்த்தபடியே, "நாந்தானுங்க எடுத்தேன்" என்றார். இன்னும் பல "ங்க" வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "பனி கொட்டுன வாரத்துல கடைக்குப் போவ முடியலீங்க. ஆண்டவருகிட்ட கைமாத்தா கொஞ்சம் வாங்குனேனுங்க. அப்பறம் இன்னுங் கொஞ்சம். அடியோட எடுத்துட்டனுங்க."

"அப்ப ஒவ்வொரு தடவையும் ஒல வைக்கும்போது பிடி போடலியா?"

"அம்மிணி போடறாங்கன்னு நெனச்சேன்."

நானோ அவர் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். நான் கடைசியாக எப்போது பிடி போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவே இல்லை. குக்கருக்கு அளவுக் கிண்ணம் வந்த பிறகு கையால் அரிசி எடுத்ததே குறைவு.

"நாளைக்கு இருக்கறத அப்புடியே எடுத்துட்டுப் போயிரலாம்" என்றார்.

"காலி டின்னைக் காட்டினா புள்ள போயிருவா. ஒங்களுக்குப் புரியுதா? அவ போயிருவா."

மூட்டையை இழுத்து, படியால் மட்டை அரிசியை மொண்டேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் குறுக்கே வந்து நின்றார். "வேதத்துல ஒரு புருசனும் பொண்டாட்டியும் காணிக்கை வெசயத்துல சேந்து பொய் சொல்லி, ஒருத்தர் பின்னால ஒருத்தரா உழுந்து செத்தாங்களே, அம்மிணிக்கு நெனப்பிருக்குதுங்களா?"

"அவுக நிலத்த வித்தவுக. இது அரிசி."

"அவுங்களும் ரெண்டே பேருதானுங்க."

டின்னின் அடியில் ஏதோ சலசலத்தது. மிச்சம் கொஞ்சம் விட்டு வைத்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்க்க எனக்கு முகமில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு விளிம்புவரைக்கும் கொட்டி, மூடியை அழுத்தி மூடினேன்.

5

இங்கத்துக் கோயிலில் அறுப்புப் பண்டிகை அழகாகத்தான் இருக்கும். ஆப்பிள், பூசணி, டின்னில் அடைத்த மொச்சை, மார்கரெட் வீட்டுக்காரரின் தேன். கூட்டம் இருபது பேருக்குள். சாமுவேல் அன்று காரை விட்டு இறங்கி உள்ளே வந்தார், வந்த ஜோரில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். விழுந்தால் தூக்கிப்போக வசதியாக இருக்கட்டும் என்று காதில் சொன்னார்.

மார்கரெட் என்னை அழைத்தார். தூரதேசத்தில் ஒரு மலையில் ஏழைப் பெண்கள் தங்கள் பானையிலிருந்து பிடி பிடியாக எடுத்து வைப்பதைப் பற்றி அவர் உருகிப் பேசினார். பெரிய தாம்பாளம் தயாராக இருந்தது. நான் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சிவப்பு மட்டை சரசரவென்று கொட்டிக் குவிந்தது. எல்லாரும் ஆஹா என்றார்கள். பெனிட்டாவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கடைசியாக, டின்னின் அடியில் இருந்ததெல்லாம் விழுந்தது. வெள்ளை அரிசி. நீளம் நீளமான பாஸ்மதி. ஒரு படி இருக்கும். சிவப்புக் குவியலின் உச்சியில் அது தனியாக உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் பாஸ்மதி பொங்குகிறவள் ஒருத்திதான். சாமுவேலுக்கும் புரிந்துவிட்டது, கதவுப் பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் மூடி மறைக்க என்னால் முடியவில்லை. மைக்கின் முன்னால் நின்று என் இங்கிலீஷில் சொன்னேன். இந்தச் சிவப்பு அரிசி பொய். நேற்றுக் கடை மூட்டையிலிருந்து நான் கொட்டினது. நாங்கள் கர்த்தரின் அரிசியைச் சாப்பிட்டுவிட்டோம். இந்த வெள்ளைதான் உண்மையானது, இது என் மகள் போட்டது, என்னை மன்னிக்க வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டில் இப்படி ஒருத்தி எழுந்து நின்று சொல்லியிருந்தால் ஒப்பாரியே கிளம்பியிருக்கும். இங்கே எல்லாரும் புன்னகையோடு தலையாட்டினார்கள். "என்ன அருமை" என்றார் ஒருவர். அதெல்லாம் ஒன்றுமில்லை, கவலைப்படாதே என்றார் இன்னொருவர். மார்கரெட் இரண்டு நிறமும் சேர்ந்து எவ்வளவு அழகு என்றார். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு அரிசி வேக அதிக நேரம் பிடிக்குமா என்று கேட்டார். இந்த ஊரில் பாவத்தை அறிக்கை செய்தாலும், நேற்று மழை என்று சொன்னதைப்போல் வாங்கிக்கொள்கிறார்கள். என் பாவத்தை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இல்லை.

6

காரில் ஏறியதும் பெனிட்டாவிடம் திரும்பினேன்.

"எப்பட்டி போட்ட?" என்றேன்.

"சோறு வைக்கும்போதெல்லாம்." பெனிட்டா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருநாள் டின்னைத் தொறந்தேன், சுத்தமா காலி. பாவமா இருந்துச்சு. அரிசி எடுத்தா ஒரு பிடி போடணும்னு நீதானே சின்ன வயசுல சொல்லிக்குடுத்த."

"பின்ன எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ டின்னு நெறைய இருக்குன்னு சத்தியம் பண்ணிட்டு இருந்த. அதான் சரி பாக்கலாம்னு விட்டுட்டேன்."

எனக்குத் திடீரென்று வேறொன்று உறைத்தது. "போடும்போது பேரு சொன்னியா?"

"சொல்லாம எப்படி?"

"யாரு பேரு?"

சாமுவேல் காரின் வேகத்தைக் குறைத்தார்.

"கோயிலுக்கு வராதவங்க பேருதானேம்மா சொல்லணும்" என்றாள். "நம்ம வீட்டுல ரெண்டு பேருதான் இருக்கீங்க. ஒருநாள் உன் பேரு, ஒருநாள் அப்பா பேரு."

"நம்ம பேருங்களா கண்ணு?" என்று சாமுவேல் பெற்ற மகளிடமே "ங்க" போட்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஞானமுத்து மாமாவைச் சுவருக்கு அந்தப் பக்கம் நினைத்துச் சிரித்து வளர்ந்தவள் நான். என் பேர் என் வீட்டிலேயே, என் டின்னிலேயே விழுந்து கிடந்திருக்கிறது.

வாக்கு வாக்குதான், நீ இனிமேல் வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் யோசித்தாள். "நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்து உக்காந்தா வர்றேன். தனியா போகமாட்டேன், அவ்வளவுதான்" என்றாள். முதலிலிருந்தே அவள் சொன்னது அது ஒன்றுதான். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் கம்ப்யூட்டரில் ஞாயிறு விடுப்புக் கேட்டேன். பண்டிகைக்கு விடுப்புக் கேட்டபோது காரணம் "குடும்ப அவசரம்" என்று போட்டிருந்தேன். இந்தத் தடவை "கோயிலுக்குப் போக வேண்டும், இனி எல்லா ஞாயிறும்" என்று எழுதினேன். மேலாளர் பெண்மணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று மெதுவாக விசாரித்தார். இன்னும் இல்லை என்றேன்.

அந்தச் சனிக்கிழமை ராணி அக்கா போனில் கூப்பிட்டாள். "ஏட்டி, பண்டிகைக்கு டின்னு நெறஞ்சிச்சா?"

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பெனிட்டா என் பேரைப் போட்டதையும் சொன்னேன். அக்கா அழுவாள் அல்லது ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் தேயிலைச் செடிக்கு நடுவே நின்றிருந்தாள் போல, குரலோடு காற்றும் கேட்டது.

"நானும் ஒம் பேரைத்தான்ட்டி போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "ரெண்டு வருசமா."

"ஒனக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஐயருக்குத் தொண்டை கட்டி ஒரு ஞாயித்துக்கிழம பிரசங்கமே இல்ல. பாட்டு மட்டும் பாடி அனுப்பிட்டாரு. அன்னைக்கும் நீ பிரசங்கம் நல்லாருந்துச்சுன்னு அனுப்புன."



"சரி, இனிமே கோயிலுக்குப் போறேன்லா அக்கா, பேர எடுத்துரு" என்று கெஞ்சினேன்.

"ஒரு வாரம் போனதும் எடுத்துருவாகளாட்டி? ஞானமுத்து மாமா பேர அம்மா எப்ப எடுத்தா தெரியுமா? அடுத்த பண்டிகைக்குத்தான். நின்னு காட்டு, பாப்போம்."

இன்று ஞாயிறு. சாமுவேல் காரைக் கோயிலுக்கு நேர் எதிரே நிறுத்தலாம், எப்போதும் அங்கே இடம் இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்தவர்போல் சொல்கிறார். கிளம்புவதற்கு முன்னால் உலை வைத்தேன். அளவுக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுக் கையால் அரிசியை அள்ளினேன். பிடியை டின்னில் போடும்போது என்னைப் பெனிட்டா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பேரும்மா?"

"எம் பேருதான்" என்றேன். "அடுத்த பண்டிகை வரைக்கும் அதுதான்."